உங்கள் ஊருக்கு எது பட்டம்?

ஆடிப் பதினெட்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட ஆண்டென்றால் திருவையாற்றுப் படித்துறையில் காவிரி படிகளை மூடிக்கொண்டு ஓடும். அதே நாளில் உடுமலைப்பேட்டையில் காற்று தென்னை ஓலைகளைக் கிழக்கே இழுத்துப் பிடித்திருக்கும். மொட்டை மாடியில் காயப்போட்ட துணி கொடியில் நிற்காது. கூடலூரில் நாலு நாளாக விடாத மழை. சென்னையில் பகலெல்லாம் புழுக்கம், சாயங்காலம் இடியோடு ஒரு மழை, மறுபடியும் புழுக்கம். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் வெடித்துக் கிடக்கும். மேகம் வரும், போகும், மழை வராது.

இந்த ஐந்து ஊர்க்காரர்களும் அந்த வாரம் விதைக்கடைக்குப் போகிறார்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே மாதிரி பாக்கெட்டுகளை வாங்கி ஒரே வாரத்தில் விதைக்கிறார்கள். சிலருக்குக் காய்க்கிறது. மற்றவர்கள் தங்களுக்குக் கைராசி இல்லை என்று முடிவு செய்து, பைகளை மாடி மூலையில் அடுக்கிவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர்கள் ஊருக்கு அது பட்டமே, அதாவது விதைக்கும் பருவமே, அல்ல.

வீட்டுத் தோட்டம் பற்றிப் புத்தகங்களும் காணொளிகளும் இப்போது குவிந்து கிடக்கின்றன. மண் கலவை, மண்புழு உரம், பஞ்சகவ்யா, வேப்பெண்ணெய்க் கரைசல் எல்லாவற்றையும் அக்கறையோடு சொல்லித் தருகிறார்கள். எப்போது விதைப்பது என்பதற்கு மட்டும் ஒரு வரிதான். விதைப் பாக்கெட்டின் பின்புறத்திலோ 'எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது' என்று அச்சடித்து முடித்துவிடுகிறார்கள். மண் சரியில்லை என்றால் திருத்தலாம். எரு போதவில்லை என்றால் அடுத்த வாரம் போடலாம். பட்டம் தவறினால் பல காய்களுக்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றியது.

ஆடிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

தமிழ்நாட்டில் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஜூன் மழை முக்கியம். நமக்கு ஐப்பசி, கார்த்திகை. வடக்கே அச்சாகும் தோட்ட நாட்காட்டிகள் இங்கே உதவாததற்கு இதுவே முதல் காரணம்.

ஆடியில் கத்திரி விதையை நாற்றங்காலில் தூவினால் முப்பது, முப்பத்தைந்து நாளில் நாற்று தயார். ஆவணியில் பிடுங்கி நடுகிறோம். ஆவணி, புரட்டாசியில் அவ்வப்போது விழும் மாலை மழை வேர் பிடிக்கப் போதும். ஐப்பசி அடைமழை வரும்போது தண்டு முற்றி, பட்டை தடித்திருக்கும். மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நேரத்தில் செடி காய்ப்பின் உச்சத்தில் இருக்கும். இதே விதையைப் புரட்டாசிக் கடைசியில் போட்டால், நாற்று பஞ்சுபோல இருக்கும் நாளில் அடைமழை பிடித்துக்கொள்ளும். தரையை ஒட்டிய தண்டு நீர் கோத்து, நூலாக மெலிந்து, நாற்று அப்படியே சாயும். நாற்றழுகல் என்று இதற்கு மருந்து தேடுவோர் பலர். விதைத்த தேதியில் இருக்கிறது அதற்கான விடை.

ஆக, ஆடிப்பட்டம் என்பது மழைக்கு முன் வேர் பிடிக்க வைக்கும் ஏற்பாடு. ஆவணி, புரட்டாசியில் கொஞ்சமாவது மழை, ஐப்பசியில் பெருமழை என்ற வரிசை உள்ள ஊர்களுக்கு, அதாவது சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், சேலம், தருமபுரி வரைக்கும், அது அச்சாகப் பொருந்துகிறது. மற்ற இடங்களில் அதே கணக்கைப் போட வேண்டும். அதே மாதத்தை அல்ல.

தக்காளி ஏன் பூத்துப் பூத்து உதிர்கிறது?

சென்னை மாடித் தோட்டக்காரர்களிடம் அதிகம் கேட்கும் புலம்பல் இது. செடி இடுப்புயரம் வளர்ந்திருக்கும், கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. தக்காளிப் பூவின் காம்பை உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு கணு முட்டி போல் புடைத்திருப்பது தெரியும். அந்தக் கணு மெல்ல மஞ்சளாகும். அடுத்த நாள் கை பட்டாலே பூ அங்கே கழன்று விழும். உடனே உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் போடுகிறார்கள். செடி இன்னும் இலை விடுகிறது, காய் பிடிப்பதில்லை.

காரணம் பெரும்பாலும் இரவு. தக்காளியின் மகரந்தம் நன்றாக வேலை செய்யப் பகல் முப்பது டிகிரியைச் சுற்றியும், இரவு இருபதுக்கு அருகிலும் இருக்க வேண்டும். பகல் முப்பத்தைந்தைத் தாண்டும்போது, இரவு இருபத்தைந்துக்குக் கீழே இறங்காதபோது, மகரந்தம் மலடாகிறது. சென்னையில் ஜனவரி இரவு சராசரியாக இருபத்தொரு டிகிரியை ஒட்டியது. மார்ச்சில் இருபத்து நாலு. மே மாதம் இருபத்தெட்டு. கடற்கரை ஊர்களில் பகலைவிட இரவுதான் தக்காளியின் எதிரி.

இனி பின்னோக்கி எண்ணுங்கள். பூ தை மாதத்தில் வர வேண்டும். நட்டதிலிருந்து பூவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம். அப்படியென்றால் கார்த்திகைக் கடைசியில் நடவு. நாற்று வயது இருபத்தைந்து நாள். அப்படியென்றால் ஐப்பசிக் கடைசியில் விதை. அடைமழை நேரம்தான், ஆனால் ஒரு தட்டு நாற்றைக் கூரை உள்ள வராந்தாவில் வைத்துக் காப்பாற்றுவது பெரிய வேலையில்லை. மாசியில் பறிக்கத் தொடங்கலாம், பங்குனியில் முடித்துவிடலாம். பங்குனிக்கு மேல் செடியை வைத்துக்கொண்டு போராடுவதில் பொருளில்லை. வேரோடு எடுத்துவிட்டுக் கீரை போடுங்கள்.

தக்காளியை ஆடியிலேயே நட்டால் சென்னையில் காய்க்காதா என்றால், காய்க்கும். ஆனால் காய் திரளும் நேரம் அடைமழையோடு மோதும். பழம் வெடிக்கும், இலை கருகும். கத்திரியும் வெண்டையும் மிளகாயும் அந்த மழையை ஓரளவு தாங்கும்; தக்காளி தாங்காது. எல்லாவற்றையும் ஒரே பட்டத்தில் அடைப்பதுதான் கோளாறு.

கடலோரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு: புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம். எல்லாம் கார்த்திகையை ஒட்டியவை. ஆகவே திருவள்ளூர் முதல் நாகப்பட்டினம் வரை உயரமான மூங்கில் பந்தலைப் புரட்டாசிக்குப் பிறகு போட வேண்டாம். ஆடியில் போட்ட பந்தலை ஐப்பசி பிறக்கும் முன் கயிறு மாற்றி இறுக்கிக் கட்டுங்கள். மாடிப் பைகளைக் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமாக நகர்த்தி, அடியில் உள்ள துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். நாலு நாள் தண்ணீர் தேங்கினால் எந்த உரமும் வேரை மீட்காது.

பகலை அளக்கும் அவரை

மழையும் வெயிலும் போக மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாட்டிமார்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பந்தல் அவரையைத் தையில் விதைத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கொடி ஓடும், இலை மூடும், மாசி போகும், சித்திரை போகும், ஒரு பூ இருக்காது. மலட்டு விதை என்று திட்டிப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். பிடுங்காமல் விட்டிருந்தால் அதே கொடி கார்த்திகைவாக்கில் பூத்திருக்கும். பந்தல் அவரையும் நாட்டு மொச்சையும் பகல் சுருங்கினால்தான் பூக்கும். சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம். நாம் கவனிக்காத அந்த வித்தியாசத்தை அவரைக் கொடி கவனிக்கிறது. சித்திரையில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் பூக்கும் காலம் ஏறக்குறைய ஒன்றே. புரட்டாசியில் விதைத்தால் சின்னக் கொடியாக இருக்கும்போதே பூத்துவிடும். காய் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். எனவே பூக்கும் முன் மூன்று நான்கு மாதம் பந்தல் முழுக்கப் படர்வதற்கு ஆடியில் ஊன்றுவது தமிழ்நாட்டின் பெரும்பாலான சமவெளி ஊர்களுக்குச் சரி. பழமொழியை முடிந்தவரை கடைப்பிடிக்க வேண்டிய காய் ஒன்று உண்டென்றால் அது இதுதான். சிறகவரையும் இதே குணம்.

தெருவிளக்கு இரவு முழுக்க விழும் மூலையில் அவரைப் பந்தல் போடாதீர்கள். அந்த வெளிச்சமே பூப்பைத் தள்ளிப்போடக்கூடும். மார்கழிக் குளிரில் பூங்கொத்துகளில் கரும் அசுவினி ஒட்டும். காலைப் பனி காயும் முன் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினால் அடங்கும். மற்ற மாதங்களில் அவரை வேண்டும் என்பவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கோ' வரிசைச் செடி அவரை ரகங்கள் இருக்கின்றன. அவை பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. ருசியில் பந்தல் அவரையே மேல் என்பது என் அபிப்பிராயம்.

பொங்கல் கூட்டு என்னும் நாட்காட்டி

தைப் பொங்கலன்று வைக்கும் பலகாய்க் கூட்டைப் பாருங்கள்: அவரை, மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி, சேனை, வாழைக்காய். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் கட்டாயம் சிறுகிழங்கும். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து. இவை எல்லாம் ஒரே நாளில் கைக்கு வருவதற்கு வேறு வேறு மாதங்களில் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். சேனை போன மாசியிலிருந்து சித்திரைக்குள். மஞ்சள் வைகாசி, ஆனியில். அவரை, மொச்சை, பரங்கி, சிறுகிழங்குத் தலைக்கொடி ஆடி, ஆவணியில். சர்க்கரைவள்ளிக் கொடி ஆவணி, புரட்டாசியில். புறக்கடை வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பின்னோக்கிய கணக்கு வாய்மொழியாக ஓடிக்கொண்டிருந்தது. கிழங்கைச் சந்தையில் வாங்க ஆரம்பித்த தலைமுறையோடு அது அறுந்துபோனது பெரிய இழப்பு. காய் மட்டும் போகவில்லை, எந்த மாதம் எதற்கு என்ற அறிவும் சேர்ந்து போயிற்று.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டு பருவமழையும் பெறும் மண் அது. சமவெளியில் எங்கும் இல்லாத சலுகை. மரச்சீனி, காச்சில், சேம்பு, சேனை என்று தென்னைக்கும் வாழைக்கும் நடுவே கிழங்கை ஊன்றும் பழக்கம் மாசி, பங்குனியில் தொடங்குகிறது. கோடை மழையில் முளைத்து, ஜூன் மழையில் கொழுத்து, ஐப்பசி மழைக்குப் பிறகு தோண்டத் தயாராகிவிடும். அங்கே கொடிக்காய்களை ஆனி, ஆடி அடைமழையில் ஊன்றாமல் ஆவணி வெயிலுக்கு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆரல்வாய்மொழியைத் தாண்டிக் கிழக்கே வந்துவிட்டால் கதையே மாறிவிடும். காற்றாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே அங்கே ஆடியில் பந்தல் நிற்காது என்று புரியும்.

கரிசலுக்குப் புரட்டாசி

தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பவை. தென்மேற்குப் பருவத்தில் அங்கே விழும் மழை மிகச் சொற்பம். ஆடியில் விதைத்தால் மூன்று மாதம் குடத்தில் சுமந்து ஊற்ற வேண்டும். அந்தச் சீமை விவசாயி ஆடியில் உழுது போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அவருடைய பட்டம் புரட்டாசி, ஐப்பசி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கங்களில் நாற்று விடாமல் நேரடியாகப் புரட்டாசியில் விதைப்பார்கள். முதல் மழைக்கு முளைத்து, தை முதல் பங்குனிவரை பழம் எடுப்பார்கள். கரிசலில் கொத்தமல்லி ஐப்பசி ஈரத்தில் விதைக்கப்பட்டு மார்கழிப் பனியிலேயே விளைந்துவிடும்.

இந்தப் பகுதியில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உழவர் எப்போது விதைக்கிறாரோ அப்போது விதையுங்கள். சென்னைக்காரர் ஆடியில் விதைத்ததைக் காணொளியில் பார்த்துவிட்டு அவசரப்பட வேண்டாம். அங்கே ஐப்பசி மழை சென்னை அளவுக்கு வெள்ளமாக வருவது அரிது. இளநாற்று அதைத் தாங்கும். ஆடியில் செய்ய வேண்டியது எருவை அடித்து மண்ணைக் கிளறி வைப்பது.

மல்லி விதையைப் பற்றி ஒரு சொல். முழு மல்லி என்பது இரண்டு விதை ஒட்டிய உருண்டை. சணல் சாக்கில் போட்டுச் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். ஒரு இரவு ஊறவைத்துப் போட்டால் எட்டு, பத்து நாளில் முளை தெரியும். மண் சூடாக இருக்கும் மாதங்களில் என்ன செய்தாலும் பாதி முளைக்காது; முளைத்ததும் இலை விடாமல் பூவுக்கு ஓடும்.

கொங்கு நாட்டின் காற்று

கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலை ஊர்களுக்கு மழையைவிட, வெயிலைவிட, காற்றுதான் பிரச்சினை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று இலையிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையில் பையில் இருக்காது. பீர்க்கன், புடலைக் கொடிகளின் பற்றுக்கம்பி பந்தலைப் பிடிக்கும் முன்பே நுனி முறியும்.

இதற்கு வழி, ஆடியில் நாற்றை மதில் மறைவில் வளர்த்து, காற்று அடங்கும் ஆவணியில் தரைக்கோ பைக்கோ மாற்றுவது. இடம் இருந்தால் தென்மேற்கு ஓரத்தில் வைகாசியிலேயே இரண்டு வரிசை மக்காச்சோளமோ அகத்தியோ விதைத்துவிடுங்கள். ஆடிக்குள் அது வேலியாக நிற்கும். மாடியில் என்றால் அந்தப் பக்கம் நிழல்வலையை இறுக்கிக் கட்டுவது போதும். காற்றைத் தாண்டிவிட்டால் கொங்குச் சமவெளிக்கு வாய்த்த பருவம் பொறாமைப்படத்தக்கது. கோவையின் ஆண்டு மழை சென்னையில் பெய்வதில் பாதிதான். ஐப்பசி மழையும் மிதமானது. ஜனவரி இரவு இருபதுக்குக் கீழே போகும். ஆவணி முதல் மாசிவரை ஏழு மாதம் தக்காளி, பீன்ஸ், முள்ளங்கி, பீட்ரூட், கோஸ் என்று மாற்றி மாற்றிப் போடலாம். சின்ன வெங்காயத்துக்கு இங்கும் திண்டுக்கல், நாமக்கல் பக்கமும் இரண்டு பட்டம்: சித்திரை, வைகாசி ஒன்று; ஐப்பசி இன்னொன்று. பல் பிரித்து ஊன்றினால் எழுபது, எண்பது நாளில் தாள் சாய்ந்துவிடும்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். சித்திரை, வைகாசி நீங்கலாக எப்போது வேண்டுமானாலும் கேரட்டும் கோஸும் வரும் ஊர் அது. மதுரைக்காரர் அதே கேரட்டை ஐப்பசியிலிருந்து தைக்குள் விதைத்தால் மட்டும் ஆசைக்கு நாலு எடுக்கலாம்.

டெல்டாவில் தை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் வயல் முழுக்கத் தண்ணீர், களிமண், நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில். அந்த மண்ணில் மழைக்கு முன் நட்ட செடி பல ஆண்டுகளில் வேரழுகிப் போகிறது. வீட்டைச் சுற்றியுள்ள கொல்லை மேடாக இருந்தால் ஆடியில் பூசணி, சுரை, அவரை ஊன்றலாம். கூரைமேல் ஏற்றிவிட்டால் கொடிக்கும் நல்லது. மற்றபடி டெல்டாவின் உண்மையான காய்கறிப் பட்டம் தை. மார்கழியில் நாற்று விட்டு, மண் காலில் ஒட்டாத பதத்துக்கு உலர்ந்ததும் கத்திரி, மிளகாய் நடலாம். வெண்டை, வெள்ளரி, பூசணியை நேரடியாக ஊன்றலாம். மாசிக் கடைசியிலிருந்து ஆனிவரை பறிப்பு. கொள்ளிடக் கரைப் படுகைகளில் அந்த மாதங்களில் நடந்து பாருங்கள். கத்திரியும் வெள்ளரியும் விளையும் வேகம் வேறெங்கும் காணக் கிடைக்காது.

யாழ்ப்பாணத்துக்கும் இதே வடகிழக்கு மழைதான். பெரும்போகச் சாகுபடி அதை நம்பியே. அங்கே செம்மண்ணின் கீழ் சுண்ணாம்புக்கல். பெய்த மழை விரைவில் உள்ளே இறங்கிக் கிணறுகளில் சேர்கிறது. ஆகவே மழை ஓயும் மார்கழி, தையில் தோட்டச் செய்கை சூடுபிடிக்கும். வெங்காயம், மிளகாய், கத்தரி, பயற்றை, பீட்ரூட் எல்லாம் கிணற்று நீரில். வீட்டு வளவில் வெண்டியும் பயற்றையும் புடோலும் வைப்பவர்கள் மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று இரு தடவை வைக்கலாம். நீர் தேங்காத மண் என்பதால் டெல்டாவுக்கு இல்லாத வசதி அது.

ஒரே மலை, இரண்டு வானம்

நீலகிரியை ஒரே பகுதி என்று நினைத்துவிடக் கூடாது. மேற்குச் சரிவில் கூடலூரும் தேவாலாவும் தென்மேற்கு மழையில் மூழ்கும். கிழக்கில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை ஐப்பசியில்தான். கூடலூரில் வீட்டுக்குப் பின்னால் காய் போடுகிறவருக்கு ஜூன், ஜூலை ஓய்வு மாதம்; புரட்டாசியிலிருந்து பங்குனிவரை தோட்டம். கோத்தகிரியில் பங்குனி, சித்திரைக் கோடை மழையிலேயே தொடங்கிப் புரட்டாசிக்குள் ஒரு பாட்டம் எடுத்துவிடலாம். இரண்டு ஊருக்கும் இடையே பேருந்தில் அரை நாள்கூட ஆகாது.

ஊட்டியில் உருளைக்கிழங்குக்கு மூன்று போகம் சொல்கிறார்கள்: கோடை மழையோடு கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பரில் கடைபோகம், ஆண்டின் தொடக்கத்தில் பாசனத்தோடு நீர்போகம். அங்கே கணக்கின் மறுமுனை உறைபனி. டிசம்பர், ஜனவரி விடியலில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த இடங்களில் புல்லின் மேல் வெண்மை படிந்திருக்கும். உறைபனியில் பீன்ஸும் உருளையும் ஒரே இரவில் வெந்ததுபோல் கறுத்துவிடும். கேரட்டும் கோஸும் தாங்கும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் வந்து தங்கும். ஆகவே ஒரே தெருவில் மேட்டு வீட்டில் பீன்ஸ் பிழைக்கும், பள்ளத்து வீட்டில் பிழைக்காது. மலையில் தோட்டம் போடுகிறவர் முதலில் அறிய வேண்டியது தன் வீடு மேடா பள்ளமா என்பதை.

கொடைக்கானல் கீழ்மலையிலும் ஏற்காட்டிலும் சௌசௌ ஒரு முறை வைத்தால் சில ஆண்டுகளுக்குக் காய்க்கும். முற்றிய காயை முளை வந்தபின் முழுதாகவே சாய்த்து ஊன்றுங்கள்.

மாடி என்னும் தனி மண்டலம்

தமிழ்நாட்டை வேளாண் தட்பவெப்பத்தின்படி ஏழு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நகரத்து மொட்டை மாடியை எட்டாவதாகச் சேர்க்கலாம். பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் இரவெல்லாம் வெளிவிடுகிறது. கறுப்புப் பையின் ஓரத்து வேர் நண்பகலில் வெந்துபோகிறது. தரையில் சித்திரையில் வரும் வெயில் மாடிக்குப் பங்குனித் தொடக்கத்திலேயே வந்துவிடும். எனவே மாடித் தோட்டக்காரர்கள் கோடைக்கு முந்திய பட்டத்தை இரண்டு மூன்று வாரம் முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடிக்க வேண்டும். பைகளைச் செங்கல் மேல் ஏற்றி வைப்பதும், மாசி பிறந்ததும் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுவதும் உதவும். ஆனால் மேற்கூரை போட்டாலும் இரவுச் சூட்டைக் குறைக்க முடியாது.

அந்த மாதங்களுக்கு என்று காய்கள் இருக்கின்றன. கொத்தவரையும் தட்டைப்பயறும் கத்திரி வெயிலில் சிரிக்கும். தண்டுக்கீரையும் முளைக்கீரையும் காலை மாலைத் தண்ணீரோடு இருபத்தைந்து நாளில் கைக்கு வரும். வெண்டையும் வரும், ஆனால் கோடையில் வெள்ளை ஈ பெருகி, நரம்பு மஞ்சளாகும் தேமல் நோயைப் பரப்பும். வெண்டையைத் தையில் விதைத்துச் சித்திரைக்குள் முடித்துக்கொள்வது நிம்மதி. பாகல், பீர்க்கன் கொடிகள் கோடையின் நீண்ட, சூடான பகலில் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும். பெண் பூ குறையும். அது நோயல்ல. அவற்றுக்கும் ஆடியும் தையும்தான். பீர்க்கனும் சுரையும் மாலையில் மலர்பவை. மாடியில் வண்டு வராவிட்டால் அந்தி நேரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பூசணிக்கு இதையே விடியலில் செய்ய வேண்டும்.

எல்லாக் கணக்கையும் போட்ட பிறகும் மழை தவறலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்குவது வழக்கம் என்றாலும் சில ஆண்டுகளில் நவம்பர்வரை இழுத்தடிக்கிறது. அதனால் கையிலுள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் போடாதீர்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவையாகப் போடுங்கள், ஒன்று தப்பும். வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாகத் தரும் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கீரை தூவுங்கள். தூவிய மறுநாள் கனமழை என்றால் கடுகளவு விதை வடிகாலில்தான் முளைக்கும். விதைத்த நாள், முதல் பூ, முதல் பறிப்பு, பெருமழை பெய்த நாள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மூன்று ஆண்டில் உங்கள் வீட்டுக்கான பட்டம் அதில் இருக்கும். எந்த நிபுணரும் அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

விதையையும் வீட்டிலேயே எடுங்கள். உங்கள் ஊர் வெயிலிலும் மழையிலும் நன்றாகக் காய்த்த செடியிலிருந்து, இரண்டாவது மூன்றாவது பறிப்பில் வரும் நல்ல காயை முற்ற விடுங்கள். கத்திரி முழுக்க மஞ்சளானதும் பிழிந்து, நீரில் மூழ்கும் விதையை நிழலில் காயவைத்துச் சாம்பல் கலந்து வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுக்குத் தாங்கும். வெங்காய விதை ஓராண்டுக்கு மேல் நம்பகமில்லை. சுரையைக் கொடியிலேயே உலர விட்டால் குலுக்கும்போது உள்ளே விதை சலசலக்கும். தலையில் துளை போட்டு எடுத்தபின் அந்தக் குடுக்கையே அடுத்த ஆண்டு விதைக்கும் பாத்திரம். பூசணி விதையைப் பசுஞ்சாணத்தில் பதித்து வறட்டியாகச் சுவரில் தட்டிவைக்கும் பழக்கம் இன்னும் சில கிராமங்களில் உண்டு. எதுவானாலும் விதைப்பதற்கு ஒரு வாரம் முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஏழு முளைத்தால் போடலாம். நாலுதான் என்றால் வேறு விதை தேட அப்போதும் நேரம் இருக்கும்.